டிப்ரஷன்னு சொன்னதும் பேஷண்ட் எழுந்து போயிட்டாங்க, எப்படி சொல்லியிருக்கணும்?

ஓபி_ரூம்_4:

வணக்கம். படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் ஆகுது, ஜெனரல் ஓபி பார்க்கிறேன். படிக்கும்போது சைக்கியாட்ரில இருந்தது கொஞ்ச நாள்தான், அதுலயும் பாதி நாள் கேஸ் ஷீட் எழுதுறதுலயே போச்சு, அதனால கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருந்தா திட்டாதீங்க.

நேத்து நடந்தது இது. ஒரு லேடி, நாப்பது வயசு இருக்கும், மூணாவது விசிட். தலைவலி, முதுகுவலி, ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்தா அதோட தூக்கம் போச்சு, பசி இல்ல, நாலு மாசமா இப்படியே இருக்குன்னு வந்தாங்க. ஹீமோகுளோபின், சுகர், தைராய்டு, பி12 எல்லாம் பார்த்தாச்சு, எல்லாமே நார்மல். நானும் சந்தோஷமா (ஆமா, சந்தோஷமாத்தான்) "ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்கு, உடம்புல ஒண்ணுமே இல்ல, இது டிப்ரஷன் மாதிரி தெரியுது, சைக்கியாட்ரிஸ்ட்டுக்கு எழுதித் தரேன், ஒரு தடவை பார்த்துடுங்க"ன்னு சொன்னேன். அவங்க முகம் அப்படியே இறுகிப் போச்சு. "அப்ப வலிக்குதுன்னு நான் பொய் சொல்றேனா? எனக்கு என்ன பைத்தியமா?"ன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டாங்க. ரிப்போர்ட்டைக்கூட எடுக்கல, இன்னும் என் டேபிள்லதான் கிடக்கு.

நான் சொன்னது தப்புன்னு இப்பவும் தோணல. ஆனா சொன்ன விதத்துல எங்கேயோ சறுக்கியிருக்கேன். பேச்சை எங்க ஆரம்பிக்கணும், அந்த வார்த்தையை எப்ப சொல்லணும்? இன்னொண்ணு, தற்கொலை எண்ணம் இருக்கான்னு கேக்கணும்னு தெரியும், ஆனா வாய் வரல. கேட்டா இல்லாததை நாமளே கிளப்பி விட்ட மாதிரி ஆயிடுமோன்னு பயம். வெளில முப்பது பேர் உக்காந்திருக்கும்போது இதெல்லாம் நடக்கிற காரியமா, அதையும் சொல்லுங்க.

---

பழைய_ஸ்டெத்:

தம்பியா தங்கச்சியான்னு தெரியல, டாக்டர்னே கூப்பிடுறேன். இருபது வருஷத்துக்கு மேல ஜெனரல் பிராக்டிஸ். இதே மாதிரி எழுந்து போனவங்க என்கிட்டயும் உண்டு, கணக்கு வெக்கல.

நீங்க சறுக்கினது "டிப்ரஷன்"ங்கிற வார்த்தைல இல்லங்க, அதுக்கு முன்னாடி சொன்ன "உடம்புல ஒண்ணுமே இல்ல"ல. நாலு மாசமா வலிக்குது, தூங்கல, அந்த மனுஷிக்கு போய் ஒண்ணுமே இல்லன்னா அது நல்ல சேதியா விழாது, உன் வலி பொய்னு விழும். அதுக்கப்புறம் நீங்க என்ன சொல்லியிருந்தாலும் காதுல ஏறியிருக்காது. நான் இப்பெல்லாம் "ரிப்போர்ட்ல ரத்தம், தைராய்டு சரியா இருக்கு, அப்படின்னா உங்க வலிக்கு காரணம் அங்க இல்ல, வேற இடத்துல தேடுவோம்"னுதான் சொல்றது. வலி இருக்குன்னு முதல்ல நாம ஒத்துக்கணும். அது நிஜமாவே இருக்கு, டிப்ரஷன்ல உடம்பு வலிக்கிறது நடிப்பு இல்ல. மனநிலையை பார்த்துக்கிற செரடோனின், நார்அட்ரினலின்ங்கிற மூளை ரசாயனங்களோட பாதைகளுக்கு வலியைக் கூட்டிக் குறைக்கிறதுலயும் பங்கு இருக்கு, அதனாலதான் டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் மாதிரி மாத்திரைகளை டிப்ரஷனுக்கும் தரோம் நரம்பு வலிக்கும் தரோம். இதை பேஷண்ட் கிட்ட ரெண்டு வரில சொன்னா போதும், முகத்துல ஒரு நிம்மதி தெரியும்.

ரெண்டாவது தப்பு, நேரம். எல்லா டெஸ்ட்டும் முடிஞ்சு எதுலயும் ஒண்ணும் கிடைக்காம கடைசில மனசுக்கு வந்தா, வேற வழி தெரியாம இவர் நம்ம தலைல கட்டிட்டாருன்னுதான் அவங்க நினைப்பாங்க. முதல் விசிட்லயே ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. "இந்த மாதிரி அசதிக்கு ரத்தம் குறைஞ்சிருக்கலாம், தைராய்டா இருக்கலாம், மனச்சோர்வா இருக்கலாம், மூணையும் பார்த்துடுவோம்"னு சாதாரணமா சொல்லி வெச்சா, அப்புறம் ரிப்போர்ட் நார்மல்னு வரும்போது அது பழி மாதிரி விழாது, லிஸ்ட்ல ரெண்டு அடிச்சாச்சு மூணாவதைப் பார்ப்போம்னு ஆயிடும்.

வார்த்தை விஷயம். நம்ம தமிழ்ல ஒரு சிக்கல் இருக்கு, "மன அழுத்தம்"னு சொன்னா ஸ்ட்ரெஸ்ஸுன்னும் புரிஞ்சுக்கிறாங்க டிப்ரஷன்னும் புரிஞ்சுக்கிறாங்க, "யாருக்குத்தான் இல்ல அழுத்தம்"னு தள்ளி விட்டுடுறாங்க. "மனநோய்"னா ஓடியே போயிடுறாங்க. மனச்சோர்வுதான் சரியான சொல், ஆனா அதையும் நான் முதல்ல எடுக்கிறதில்ல. அவங்க வாய்ல வர்ற வார்த்தை எதுவோ அதைப் பிடிச்சுக்குவேன். மனசு பாரமா இருக்கு, எதுலயும் ஒட்டல, நெஞ்சை அடைக்குது, விட்டேத்தியா இருக்கு, யாரைப் பார்த்தாலும் எரிச்சலா வருது, இப்படி ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. ஆம்பளைங்க நிறைய பேர் சோகம்னு சொல்லவே மாட்டாங்க, கோவம் வருதுன்னுவாங்க, இல்ல குடி கூடிடுச்சுன்னு வீட்ல இருந்து வர்றவங்க சொல்வாங்க. வயசானவங்கன்னா ஞாபகமறதின்னு கூட்டிட்டு வருவாங்க, உள்ள பார்த்தா மனச்சோர்வா இருக்கும். அவங்க "எதுலயும் ஒட்டல"ன்னு சொன்னாங்கன்னா நானும் அந்த ஒட்டாமையைப் பத்தியே பேசிட்டுப் போய், கடைசில "நீங்க சொல்ற இந்த ஒட்டாம இருக்கிறது, மூணு மணி முழிப்பு, வலி, இது எல்லாம் சேர்ந்து வந்தா அதுக்கு எங்க பாஷைல மனச்சோர்வுன்னு பேரு, டிப்ரஷன்னும் சொல்வோம், வைத்தியம் இருக்கு"ன்னு சொல்வேன். பேரை கடைசில சொல்லுங்கன்னுதான் சொல்றேன், மறைச்சிடாதீங்க. சிலர் மறைச்சு "நரம்புத் தளர்ச்சி, சத்து மாத்திரை தரேன்"னு எழுதுறாங்க பாருங்க, அது இதைவிட மோசம், வீட்டுக்குப் போய் மாத்திரை பேரை போன்ல தேடிப் பார்த்துட்டு அதோட நம்ம மேல இருந்த நம்பிக்கையும் போயிடும்.

நேரம் இல்லங்கிறது உண்மைதான். ஆனா 1984ல பெக்மேன், ஃபிராங்கெல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் டாக்டர் பேசுறதை ரெக்கார்ட் பண்ணிப் பார்த்தப்போ, பேஷண்ட் பேச ஆரம்பிச்சு சராசரி 18 நொடில டாக்டர் குறுக்க புகுந்துட்டாருன்னு வந்துச்சு. அதைப் படிச்சுட்டு நான் சொந்தமா கவனிச்சுப் பார்த்தேன், வெக்கமா இருந்துச்சு. பெரும்பாலானவங்க விட்டா ரெண்டு நிமிஷத்துல தானா நிறுத்திடுறாங்க. அந்த ரெண்டு நிமிஷத்தை மிச்சம் பிடிச்சுத்தான் நாம மூணு விசிட், அஞ்சு டெஸ்ட்னு செலவு பண்றோம்.

---

மறுபடி_எழுந்தவள்:

நான் டாக்டர் இல்ல, டேபிளுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தவ. எழுதலாமா வேணாமான்னு யோசிச்சுட்டே இருந்தேன், அந்த லேடி ரிப்போர்ட்டை எடுக்காம போனாங்கன்னு படிச்சதும் எழுதுறேன்.

எனக்கு ஒரு வருஷம் யாரும் பேர் சொல்லல. ஒரு டாக்டர் "வாக்கிங் போங்க, பாசிட்டிவா யோசிங்க"ன்னார். பல் தேய்க்கவே கை வராத நாள் அது. பாசிட்டிவா யோசிக்கத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் சார் டோக்கன் போட்டு உக்காந்திருக்கப் போறேன். இன்னொருத்தர் "உங்களுக்கு என்ன குறை, நல்ல வேலை, நல்ல குடும்பம்"னு கேட்டார். அன்னிக்கு ராத்திரி பூரா அதையேதான் நினைச்சுட்டுக் கிடந்தேன், குறை ஒண்ணும் இல்லாமலே இப்படி இருக்கேன்னா தப்பு என்கிட்டதானன்னு.

மூணாவதா பார்த்தவங்க ஒரு கேள்வி கேட்டாங்க, "காலைல கண்ணு முழிச்சதும் முதல்ல என்ன தோணும்?" கேட்டுட்டு பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. நான் ரொம்ப நேரம் பேசல. அவங்களும் பேசல. அப்புறம் அழுதேன். "அழாதீங்க"ன்னு சொல்லல, டிஷ்யூவை மட்டும் நகர்த்தி வெச்சாங்க.

இன்னொண்ணு சொல்லணும். எல்லா தடவையும் என் வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்திருந்தார். நல்ல மனுஷன்தான், ஆனா நான் வாயைத் திறக்கறதுக்குள்ள "இவ எதையும் மனசுல போட்டுக் குழப்பிக்குவா டாக்டர்"னு அவரே சொல்லிடுவார். அந்த மூணாவது டாக்டர் "பிபி பார்க்கணும், நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் வெளில இருங்க"ன்னு அனுப்பிட்டாங்க. அந்த அஞ்சு நிமிஷம் இல்லன்னா நான் எதுவும் சொல்லியிருக்க மாட்டேன்.

மாத்திரை பத்தியும் ஒண்ணு. முதல் அஞ்சு நாள் குமட்டல், கை கால் படபடப்பு. யாரும் முன்னாடி சொல்லல. விஷம் ஏதோ சாப்பிடுறேன்னு நினைச்சு நானே நிறுத்திட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி ஆரம்பிச்சப்போ அதே மாத்திரை, அதே குமட்டல், ஆனா "ஒரு வாரம் பத்து நாள் இப்படி இருக்கும், அப்புறம் குறையும்"னு சொல்லித் தந்திருந்தாங்க, அதனால தாங்கிக்கிட்டேன்.

---

மூணு_நிமிஷம்:

எல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்ப எதுக்கெடுத்தாலும் டிப்ரஷன்னு லேபிள் குத்துறதும் ஜாஸ்தியாயிடுச்சு. வேலை போனவன், துக்கத்துல இருக்கிறவன் எல்லாருக்கும் மாத்திரையா? ஓபில ஒருத்தருக்கு மூணு நிமிஷம்தான் கிடைக்குது, அதுல இவ்ளோ நாடகம் எங்க போடறது.

---

வார்டு_சிஸ்டர்:

நாடகம்னு சொல்றவருக்கு, இதையும் கேளுங்க. நான் ஸ்டாஃப் நர்ஸ். நான் முன்னாடி வேலை பார்த்த இடத்துல டிப்ரஷன் இருக்கான்னு பார்க்கிற பிஹெச்க்யூ-9 ஃபார்மை டோக்கன் கவுன்ட்டர்லயே குடுத்து நிரப்பச் சொல்வோம். கடந்த ரெண்டு வாரத்துல எத்தனை நாள் இப்படி இருந்துச்சுன்னு ஒன்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் மார்க், மொத்தம் 27. படிக்கத் தெரியாதவங்களுக்கு நாங்களே படிச்சுக் காட்டுவோம், எங்க வெச்சு தெரியுமா, லைன்ல, பின்னாடி நாலு பேர் காது குடுத்துட்டு நிக்கும்போது. "செத்துப் போயிடலாம்னு தோணுதா"ன்னு கூட்டத்துல வெச்சுக் கேட்டா யார் ஆமான்னுவாங்க. எல்லாருக்கும் சைபர். நாங்களும் நம்ம ஆளுங்க எல்லாம் நல்லா இருக்காங்கன்னு ஃபைல் பண்ணிட்டு இருந்தோம்.

ஒருநாள் ஒரு காலேஜ் பொண்ணு ஒன்பதாவது கேள்விக்கு, அதான் அந்த சாகலாம்னு தோணுதாங்கிற கேள்விக்கு, 2 டிக் பண்ணியிருந்துச்சு. அது ஃபைலுக்குள்ள போயிடுச்சு, காய்ச்சலுக்கு மருந்து வாங்கிட்டு பொண்ணும் போயிடுச்சு. சாயந்திரம் ஃபைல் அடுக்கும்போதுதான் நான் பார்த்தேன். கை நடுங்கிருச்சு. போன் பண்ணி திரும்ப வரவெச்சோம், வந்துச்சு, நல்லவேளை. "எழுதிக் குடுத்தேனே, யாரும் எதுவும் கேக்கலையே"ன்னு சாதாரணமா சொல்லுச்சு. அதுல இருந்து ஒண்ணு முடிவு பண்ணோம், பார்க்க ஆள் இல்லன்னா ஃபார்ம் குடுக்கிறதே இல்ல, குடுத்தா ஒன்பதாவது கேள்வியை முதல்ல பார்த்துட்டுத்தான் ஆளை உள்ள அனுப்புறது. நேரம் ரொம்ப கம்மின்னா முதல் ரெண்டு கேள்வி மட்டும் போதும், அதுக்கு பிஹெச்க்யூ-2ன்னே பேரு, ஆர்வம் போச்சா, மனசு சோர்ந்து கிடக்கான்னு ரெண்டுதான். 3 இல்ல அதுக்கு மேல வந்தா மிச்சத்தைக் கேக்கலாம்.

---

மனசு_டாக்டர்:

சைக்கியாட்ரிஸ்ட். மூணு நிமிஷம் சார் சொன்னதுல பாதி நியாயம் இருக்கு, அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன். பிஹெச்க்யூல 10 இல்ல அதுக்கு மேல வந்துடுச்சுன்னா டிப்ரஷன்னு அர்த்தம் இல்ல, உக்காந்து பேசணும்னு அர்த்தம். ரெண்டு வாரமாவது, பெரும்பாலான நேரம், மனச்சோர்வோ ஆர்வமின்மையோ ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா இருக்கணும், கூட தூக்கம், பசி, அசதி, கவனம், குற்ற உணர்ச்சின்னு எல்லாம் சேர்ந்து அஞ்சு அறிகுறியாவது இருக்கணும், அன்றாட வேலை கெடணும். துக்கத்துல இருக்கிறவங்களுக்கு வலி அலை அலையா வரும், நடுவுல பேரப்பிள்ளை வந்தா சிரிப்பாங்க. டிப்ரஷன்ல அந்த இடைவெளியே இருக்காது, கூடவே நான் எதுக்கும் லாயக்கில்லன்னு ஒரு எண்ணம் ஒட்டிட்டே இருக்கும். லேசா இருக்கிறவங்களுக்கு எடுத்த உடனே மாத்திரை தேவையும் இல்ல, கவுன்சலிங், சின்னச் சின்ன வேலைகளை மறுபடி நாளுக்குள்ள கொண்டு வர்றது, ரெண்டு வாரத்துல திரும்ப வரச்சொல்றது, இதுவே பல பேருக்கு நல்ல ஆரம்பம். ஆனா லேபிளுக்குப் பயந்து கேள்வியே கேக்காம விட்டா, நிஜமா மாத்திரை தேவைப்படுறவங்களும் அதுல அடிபட்டுப் போவாங்க.

இப்ப ரூம் 4 டாக்டர் கேட்ட அந்த பயம். தற்கொலை பத்திக் கேட்டா எண்ணம் வராது. இதை ஆராய்ஞ்சு பார்த்திருக்காங்க, கேட்டதால எண்ணம் கூடினதா தெரியல, நிறைய பேருக்கு யாரோ கேட்டாங்களேன்னு பாரம்தான் குறையுது. கேக்கிற விதத்துலதான் கோட்டை விடுறோம். "அப்படியெல்லாம் தப்பா எதுவும் யோசிக்கலைல?"ன்னு கேக்கிறது கேள்வியே இல்லங்க, இல்லன்னு சொல்லிடுன்னு கெஞ்சுறது. தப்புன்னு நீங்களே தீர்ப்பு சொல்லிட்டீங்க, அப்புறம் அவங்க எப்படி ஆமான்னுவாங்க. நான் படிப்படியா போவேன். "இவ்வளவு நாள் தூங்காம, வலியோட இருக்கீங்க, இப்படி இருக்கும்போது சில பேருக்கு இருந்து என்ன பிரயோஜனம்னு தோணும், உங்களுக்கு?" தலையசைச்சாங்கன்னா, "தூங்கினா எந்திரிக்காம இருந்தா தேவலன்னு தோணுதா, இல்ல நாமளே ஏதாவது பண்ணிக்கலாம்னு தோணுதா?" இந்த ரெண்டுக்கும் நடுவுல ரொம்ப தூரம், அதனால பிரிச்சுக் கேக்கணும். ரெண்டாவதுன்னா, எப்படின்னு யோசிச்சாங்களா, அது கைக்கு எட்டுற தூரத்துல இருக்கா, முன்னாடி எப்பவாவது முயற்சி பண்ணாங்களா, இதுவரைக்கும் அவங்களைப் பிடிச்சு நிறுத்தினது எது. கடைசிக் கேள்வியை விட்டுடாதீங்க, பிள்ளைங்க பேரையோ அம்மா பேரையோ சொல்வாங்க, அங்க இருந்து மேல பேசலாம். திட்டம் இருக்குன்னு தெரிஞ்சா அன்னிக்கே எங்ககிட்ட அனுப்பணும், தனியா அனுப்பக் கூடாது, கூட ஆள் வேணும். இதுக்காகத்தான் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு முன்கூட்டியே சத்தியம் பண்ணாதீங்கன்னு சொல்றது. "நீங்க சொல்றது இந்த ரூமுக்குள்ள இருக்கும், உங்க உயிருக்கு ஆபத்துன்னு எனக்குப் பட்டா மட்டும் யாரைச் சேர்த்துக்கணும்னு உங்களையும் வெச்சுப் பேசி முடிவு பண்ணுவேன்"னு உள்ளதைச் சொல்லிடுங்க.

மாத்திரை எழுதுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, இதை மறந்துட்டு எழுதி எங்ககிட்ட வர்ற கேஸ் நிறைய. "முன்னாடி எப்பவாவது தொடர்ந்து நாலஞ்சு நாள், ரெண்டு மூணு மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாம, பேச்சு நிக்காம, கை நிறைய செலவு பண்ணிட்டு, உலகத்தையே ஜெயிச்ச மாதிரி இருந்திருக்கீங்களா?" ஆமான்னா அது பைபோலாரா இருக்கலாம், அதாவது சோர்வும் அளவு மீறின உற்சாகமும் மாறி மாறி வர்ற நோய், அப்ப வெறும் ஆன்டிடிப்ரசன்ட் (டிப்ரஷன் மாத்திரை) குடுத்தா எதிர்ப்பக்கம், அந்த உற்சாகப் பக்கம், தூக்கி அடிக்கலாம். வேற என்ன மருந்து சாப்பிடுறாங்க, குடி உண்டா, இதையும் கேளுங்க, ஸ்டீராய்டு எடுக்கிறவங்களுக்கும் மனநிலை மாறும்.

"மூளைல கெமிக்கல் குறைஞ்சிருக்கு, அதை நிரப்புறோம்"னு நானும் ஒரு காலத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன். இப்ப நிறுத்திட்டேன். விஷயம் அவ்வளவு எளிமை இல்ல, சொன்னா கேள்வி கேக்கிற பேஷண்ட் நம்மளை மடக்கிடுவார். "இது ஏன் வருதுன்னா பரம்பரை, வாழ்க்கைல பட்ட அடி, உடம்பு, எல்லாத்துக்கும் பங்கு இருக்கு, இந்த மாத்திரை எல்லாருக்கும் வேலை செய்யாது, நிறைய பேருக்கு செய்யுது, உங்களுக்கு செய்யுதான்னு சேர்ந்து பார்ப்போம்"னு சொல்றேன். எஸ்எஸ்ஆர்ஐ, அதாவது டிப்ரஷனுக்கு பெரும்பாலும் முதல்ல எழுதுற மாத்திரை வகை, குடுத்தா குமட்டல் இன்னிக்கே வரும், பலன் தெரிய ரெண்டு வாரம் ஆகும், முழுசா தெரிய நாலு, ஆறு வாரம் ஆகலாம், இந்த வரிசை தலைகீழா இருக்கிறதாலதான் மேல அந்தம்மா சொன்ன மாதிரி அஞ்சாம் நாள் நிறுத்திடுறாங்க. தாம்பத்தியத்துல ஆர்வம் குறையலாம், இதை நாம சொல்லலன்னா அவங்க வெக்கப்பட்டு சொல்லாமலே மாத்திரையை விட்டுடுவாங்க. இது தூக்க மாத்திரை மாதிரி அடிமைப்படுத்தாது, ஆனா திடீர்னு நிறுத்தினா தலைசுத்தல், ஷாக் அடிச்ச மாதிரி சுளீர்னு வரும், அதனால மெல்லக் குறைக்கணும். சரியானதுக்கு அப்புறமும் ஆறு மாசமாவது தொடரணும். 25 வயசுக்குக் கீழ இருந்தா முதல் சில வாரம் அடிக்கடி பாருங்க, தற்கொலை எண்ணம் கூடலாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2004ல சின்னப் பிள்ளைங்களுக்கு எச்சரிக்கை போட்டு 2007ல 24 வயசு வரைக்கும் நீட்டினாங்க.

எங்ககிட்ட அனுப்புறதைப் பத்தி ஒரு வேண்டுகோள். சீட்டை நீட்டிட்டு "அவரைப் பாருங்க"ன்னா தலைமுழுகிட்டாங்கன்னு நினைக்கிறாங்க. "அவர் கிட்ட ஒரு தடவை பார்த்துட்டு, ரெண்டு வாரத்துல மறுபடி என்கிட்ட வாங்க"ன்னு தேதி போட்டு அனுப்புங்க. அப்படி அனுப்பினவங்கதான் நிஜமா வந்து சேர்றாங்க.

---

ஓபி_ரூம்_4:

எல்லாருக்கும் நன்றி, ரெண்டு தடவை படிச்சேன். சிஸ்டர், நாங்களும் ஃபார்மை லைன்லதான் குடுக்கிறோம், நாளைக்கே பேசுறேன்.

பழைய ஸ்டெத் சார், அந்த ரிப்போர்ட் இன்னும் இங்கதான் இருக்கு. போன் பண்ணலாமா? பண்ணினா என்ன சொல்றது? ஒரு டெஸ்ட் திரும்ப எடுக்கணும்னு சொல்லி வரவெச்சுடலாமான்னு தோணுது.

---

பழைய_ஸ்டெத்:

பண்ணுங்க, ஆனா டெஸ்ட்னு பொய் வேணாம். அவங்களுக்கு வந்த கோவமே யாரு பொய் சொல்றாங்கங்கிறதுலதான். "அன்னிக்கு நான் ஒண்ணுமில்லன்னு சொன்னது தப்பு, உங்களுக்கு வலி இருக்கு, நான் சரியா கேக்கல, நேரம் எடுத்து கேக்கணும்னு நினைக்கிறேன்"னு சொல்லுங்க. டாக்டர் சாரி சொன்னா கௌரவம் குறையாது. வேற யாராவது போனை எடுத்தா விவரம் எதுவும் சொல்லாதீங்க. கூட்டம் இல்லாத நேரமா ஒண்ணு குடுங்க, நான் இந்த மாதிரி ஆளுங்களுக்கு எப்பவும் கடைசி டோக்கன்தான், பின்னாடி யாரும் கதவைத் தட்ட மாட்டாங்க. வந்ததும் "வேற ஏதாவது பிரச்சனை இருக்கா"ன்னு கேக்காதீங்க, அதுக்கு இல்லன்னுதான் வாய் வரும், "வேற என்னல்லாம் கஷ்டமா இருக்கு"ன்னு கேளுங்க. இங்கிலீஷ்லயே "எனிதிங் எல்ஸ்"க்கு பதிலா "சம்திங் எல்ஸ்"னு ஒரு வார்த்தை மாத்திக் கேட்டதுல பேஷண்ட் சொல்லாம விட்டுட்டுப் போற பிரச்சனைகள் நல்லா குறைஞ்சதா ஹெரிட்டேஜ்னு ஒருத்தர் டீம் 2007ல எழுதியிருக்காங்க, தமிழ்லயும் எனக்கு அப்படித்தான் படுது.

---

மறுபடி_எழுந்தவள்:

போன்ல டிப்ரஷன் பேச்சே எடுக்காதீங்க டாக்டர். வலி எப்படி இருக்குன்னு மட்டும் கேளுங்க.

---

ஓபி_ரூம்_4:

அப்டேட். மத்தியானம் போன் பண்ணேன், பையன் எடுத்தான். ரிப்போர்ட் இங்க இருக்கு, அம்மாவை கூப்பிடச் சொல்லுங்கன்னு மட்டும் சொல்லி வெச்சுட்டேன். சாயந்திரம் அவங்களே கூப்பிட்டாங்க. சாரி சொன்னேன், வலி எப்படி இருக்குன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் லைன்ல சத்தமே இல்ல, கட் ஆயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம் "ஓபி எத்தனை மணிக்கு முடியும்?"னு கேட்டாங்க. ஒரு மணின்னேன். "அப்ப ஒரு மணிக்கு வரேன், தனியா வரேன்"னாங்க.

வியாழக்கிழமை.